தவா மலை பொங்கிய வருடம்

மூத்தவன் அடியில் படுத்திருப்பான், இளையவன் அவன் மேல் ஏறிப் படுத்திருப்பான், இருவருக்கும் நடுவில் ஒரு சிவப்புப் பாய் விரித்திருக்கும், இன்னும் எத்தனை பேர் வந்து ஏறினாலும் அடியில் இருப்பவன் முனகமாட்டான். அது என்ன, சொல்லுங்கள் பார்ப்போம். ரயில் பெர்த் என்று சொல்ல வாயெடுத்தவர்கள் கொஞ்சம் பொறுங்கள். ரயிலில் மூத்தவர்கள் கீழே படுப்பது சரிதான், ஆனால் முனகாமல் படுத்த மூத்தவரை நாம் யாராவது பார்த்திருக்கிறோமா?

அது ஒரு மலை. புனேவுக்குத் தெற்கே, பேருந்து இரண்டு மாறிப் போனால் வரும். உச்சியை யாரோ அரிவாளால் சீவிவிட்டது போல் தட்டையாக இருப்பதால் அந்தப் பக்கத்து மராட்டியர்கள் அதற்குத் தவா என்று பெயர் வைத்தார்கள், அதாவது தோசைக்கல். பக்கவாட்டில் நின்று பார்த்தால் ஒரு கறுப்புப் படி, அதன் மேல் மெல்லியதாக ஒரு சிவப்புக் கோடு, அதன் மேல் மறுபடி கறுப்புப் படி, மறுபடி சிவப்பு என்று வானம் வரைக்கும் ஏறும். ஒவ்வொரு கறுப்புப் படியும் ஒரு காலத்தில் பூமிக்குள்ளிருந்து பொங்கி வந்து, பரவி, ஆறி, கல்லானது. முதலில் வந்தது அடியில் கிடக்கிறது.

மலையின் கிழக்கு அடிவாரத்தில் நாற்பது வீடுகள் இருந்தன. கல்குவாரியில் வேலை செய்யத் தர்மபுரிப் பக்கத்திலிருந்து ஒரு பருவத்துக்கு என்று வந்தவர்கள் அங்கேயே தங்கிப்போனதால் அந்த வரிசைக்குத் தர்மபுரி லைன் என்று பெயர். அவர்கள் பிள்ளைகள் மராட்டியில் படித்தார்கள், இந்தியில் காய்கறி பேரம் பேசினார்கள், தமிழில் சண்டை போட்டார்கள். மலையைப் பார்த்த முதல் வீடு பச்சையம்மாவுடையது. அந்த வீட்டை அவள் ஒரு வருடத்தில் கட்டவில்லை. ஒரு வருடம் சுவர், ஒரு வருடம் கூரைக்குத் தகடு, ஒரு வருடம் இடித்த பங்களாவிலிருந்து வந்த நீலச் சன்னல் என்று, குருவி குச்சி பொறுக்குவது போலப் பொறுக்கிக் கட்டியது. சுவருக்கு மண் குழைத்தது அவள் கால், கல் தூக்கியது அவள் தலை. அவள் கணவன் மாதையன் பாறையில் குழி போடும் வேலைக்காரன், அதிகம் பேசமாட்டான். வீட்டைப் பற்றிக் கேட்டால் மட்டும், "நான் இதுல வாடகைக்குத்தான் இருக்கேன்" என்பான்.

அந்த வருடம் தை முதல் நாள் காலையில், லைன் முழுவதும் வாசலுக்கு வாசல் பானைகள் பொங்கிக்கொண்டிருந்தபோது, தவா மலையும் பொங்கியது.

பச்சையம்மாதான் முதலில் பார்த்தாள். குனிந்து தன் பானையைப் பார்த்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தபோது, மலை உச்சியின் விளிம்பில், புளித்த மாவு இரவோடு இரவாகப் பாத்திரத்தை மீறி வழிந்து நிற்பது போல, கறுப்பாக, பளபளவென்று ஏதோ வழிந்தது. வழிந்த பக்கம் கிழக்கு. கிழக்கே பொங்கினால் வருடம் நல்ல வருடம் என்று அவள் பிறந்த வீட்டிலும் சொல்வார்கள், புகுந்த வீட்டிலும் சொல்வார்கள், ஆகவே அவள் வேறெதையும் யோசிக்காமல் நாக்கைச் சுழற்றிக் குலவை போட்டாள். அந்தக் குலவையைக் கேட்டு அடுத்த வாசல் நிமிர்ந்தது, அதற்கடுத்த வாசல் நிமிர்ந்தது, நாற்பது வாசலும் நிமிர்ந்து பொங்கலோ பொங்கல் என்று கூவியது. தீர்த்தகிரி மேஸ்திரி, லைனில் நல்லது கெட்டதுக்கு முன்னால் நிற்கிறவர், ஒரு மஞ்சள் கொத்தைத் தோளில் போட்டுக்கொண்டு மலையேறி, வழிகிற வாயைச் சுற்றிப் பாறைகளில் கட்டிவிட்டு இறங்கினார். யாரும் ஓடவில்லை. பானை பொங்கும்போது யாராவது ஓடுவார்களா?

மூன்று நாளில் அடிவாரத்துக்குப் பக்கம் வரை வழிந்து இறங்கிய கல், அதற்குப் பிறகு ஒரு நாளைக்கு ஒரு சாண்தான் நகர்ந்தது. அதற்கு அவசரமே இல்லை. அதன் சூட்டை லைன் பெண்கள் ஒரே வாரத்தில் பழகிக்கொண்டார்கள். ஓரத்தில் இருப்பது மடிச் சூடு, அதில் கைக்குழந்தையைத் துணி விரித்துப் படுக்கவைக்கலாம். அதற்கு மேலே குளியல் சூடு, குடத்தை வைத்தால் வெந்நீர். அதற்கு மேலே சோற்றுச் சூடு. உச்சிக்குப் பக்கத்தில் தோசைச் சூடு. "ரெண்டு முழம் மேல ஏத்தி வை, பருப்பு வேகல" என்று மருமகளிடம் மாமியார்கள் கத்தினார்கள். விறகு பொறுக்கப் போன பெண்கள் போவதை நிறுத்தினார்கள். பக்கத்து ஊர் மராட்டியர்கள் சனிக்கிழமை தோறும் முழங்கால் வலிக்கு வந்து உட்கார்ந்து, எள்ளுருண்டை கொடுத்துவிட்டுப் போனார்கள். தாலுகாவிலிருந்து வந்த ஒருவர், இது எரிந்தால் தீயணைப்புத் துறை, பாய்ந்தால் பாசனத் துறை, ஒரு சாண் நகர்வதைப் பாய்ச்சல் என்று எழுத முடியாதே என்று நெடுநேரம் யோசித்து, சூடாக இரண்டு தோசை தின்று, கை கழுவிவிட்டுப் போனார்.

பச்சையம்மாவின் மகள் சிவரஞ்சனிக்கு ஒன்பது வயது. எல்லோரும் ரஞ்சி என்பார்கள். கல் தூசும் மலைக் குளிரும் சேர்ந்து அவளுக்கு இளைப்பு கொடுத்திருந்தது. ஒவ்வொரு மழைக்காலமும் மூச்சு நெஞ்சுக்குள் பூனைக்குட்டி போல் கத்தும், பச்சையம்மா அவளை மடியில் நிமிர்த்தி உட்காரவைத்தபடியே விடியவைப்பாள். அந்த வருடம் ஆடி மழை தகரத்தில் அடித்தபோது, பொங்கிய கல் அவர்கள் வீட்டுப் பின்சுவரைத் தொட்டிருந்தது. சுவர் வெதுவெதுப்பானது. ரஞ்சி சுவரில் முதுகைச் சாய்த்துப் படுத்தாள், தூங்கினாள், காலையில் எழுந்து பசிக்கிறது என்றாள். ஆடி போனது, ஆவணி போனது, பூனைக்குட்டி ஒரு தடவைகூடக் கத்தவில்லை.

சுவரைத் தொட்ட பிறகு கல் நாளுக்கு ஒரு மயிரிழைதான் நகர்ந்தது, ஆனாலும் சுவர் உள்பக்கமாகப் பிதுங்கத் தொடங்கியிருந்தது. நீலச் சன்னல் சாத்த வரவில்லை. பச்சையம்மா பிதுங்கிய இடத்தைக் கையால் தடவிப் பார்ப்பாள், பிறகு வெளியே வந்து சும்மா நிற்பாள். யாரிடம் போய்ச் சொல்வது? கிழக்கே பொங்கியதற்கு முதல் குலவை போட்டதே அவள்தான்.

"உன் குலவைதான்டி, பச்ச, மலைக்கே கேட்டிருக்கு" என்பாள் எதிர்வீட்டுக் காவேரி. "அதான் நேரா உன் வீட்டுக்கு விருந்துக்கு வருது."

இந்த நேரத்தில்தான் ஜெபக்கனியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாசி மாதமே அவள் வந்துவிட்டாள். நாகர்கோவில்காரி, புனேவில் கற்களின் வயதைக் கண்டுபிடிக்கும் வேலை, அதில் டாக்டர் பட்டமும் உண்டு. முதல் நாள் அவள் ரஞ்சியைப் பார்த்து, "மக்களே, மேல போக வழி எது?" என்று கேட்டபோது, ரஞ்சி தனக்குப் பின்னால் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தாள். "ஒத்தப் பிள்ளையையும் எங்க ஊர்ல மக்களேன்னுதான் கூப்பிடுவோம்" என்று ஜெபக்கனி சொன்னாள். "பெரிய குடும்பம் போல" என்றாள் ரஞ்சி.

மேஸ்திரி நேராகக் கேட்டார். "டாக்டரம்மா, இது எத்தனை நாளைக்குப் பொங்கும்?"

"இனி எத்தனை நாள்னு எனக்குத் தெரியாது, பாத்துக்கிடுங்க. போன தடவை எத்தனை நாள் பொங்கிச்சுன்னு வேணா கண்டுபிடிக்கலாம். அடியில கிடக்க படிக்கு என்ன வயசு, உச்சிப் படிக்கு என்ன வயசு, ரெண்டையும் கழிச்சா வந்திடும்."

வயதைக் கறுப்புக் கல்லிடம் கேட்பது கடினம், சிவப்பு மண்ணிடம் கேட்க வேண்டும் என்று அவள் சொன்னாள். எங்கோ தூரத்தில் வேறொரு மலை வெடித்தபோது பறந்து வந்த சாம்பல் அந்தச் சிவப்பில் படிந்திருக்கும். சாம்பலுக்குள் சிர்கான் என்று ஒரு படிகம் இருக்கும், சர்க்கரைத் துகளைவிடச் சின்னது. "அது பிறக்கும்போதே கொஞ்சம் யுரேனியம் அதுக்குள்ள மாட்டிக்கிடும். அந்த யுரேனியம் கொஞ்சம் கொஞ்சமா ஈயமா மாறும். அவசரமும் படாது, சுணங்கவும் செய்யாது. எவ்வளவு மாறியிருக்குன்னு அளந்தா எப்பப் பிறந்ததுன்னு தெரிஞ்சிடும்."

"உறை ஊத்தின பால் மாதிரி" என்றாள் காவேரி.

"அதேதான் அக்கா. ஆனா பால் வெயில்ல வச்சா சீக்கிரம் புளிக்கும். இது எந்த வெயிலுக்கும் அசையாது."

மண்ணைக் கரைத்துச் சுழற்றினால் கனமான படிகம் அடியில் தங்கும் என்று கேள்விப்பட்டதும் லைன் பெண்கள் சிரித்துவிட்டார்கள். அரிசி அரிக்கத் தெரியாதவள் அங்கே யார்? ஆளுக்கொரு சட்டியோடு குழாயடியில் குந்தி, சிவப்பு மண்ணைத் தண்ணீர் விட்டுச் சுழற்றிச் சுழற்றி, ஒரு சட்டியிலிருந்து இன்னொரு சட்டிக்குச் சரித்துச் சரித்து, பொழுது சாய்வதற்குள் முதல் மூட்டையை முடித்து, தூசு தும்பு இல்லாத அருமையான மண்ணை ஜெபக்கனி கையில் கொடுத்தார்கள்.

"அடியில தங்கினது எங்க?" என்றாள் ஜெபக்கனி.

"கல்லுதானே? வீசியாச்சு. அத எவ சோத்துல போடுவா?" என்றாள் காவேரி.

ஜெபக்கனி குழாயடிச் சாக்கடையை எட்டிப் பார்த்தாள். பிறகு அவளும் சிரித்தாள். மறுநாள் மண்ணை வீசிவிட்டுக் கல்லை வைத்துக்கொள்ளக் கைகளைப் பழக்கினார்கள். பிறந்ததிலிருந்து வந்த பழக்கத்தைத் திருப்பிச் செய்வது இடது கையால் கோலம் போடுவது போல இருந்தது, இருந்தாலும் செய்தார்கள். ஒவ்வொரு சிவப்புக் கோட்டுக்கும் ஒரு சிட்டிகை கிடைத்தது. அதை எடுத்துக்கொண்டு ஜெபக்கனி புனே போனாள்.

ஐப்பசியில் திரும்பி வந்தாள். லைன் மொத்தமும் மடிச் சூட்டில் கால் நீட்டி உட்கார்ந்து கேட்டது.

"அடியில உள்ளவருக்கு ஆறரைக் கோடி வருஷத்துக்கும் மேல வயசு. உச்சியில உள்ளவர் அவரைவிட ஏழு லட்சம் வருஷம் இளையவர். ஆக, போன தடவை பொங்கினது மொத்தம் ஏழு லட்சம் வருஷம். முன்னப்பின்ன ஒரு முப்பதாயிரம் வருஷம் இருக்கும்."

மேஸ்திரி விரல் விட்டு எண்ணத் தொடங்கிப் பாதியில் விட்டார். காவேரிதான் தொண்டையைச் செருமினாள். "முன்ன முப்பதாயிரமா, பின்ன முப்பதாயிரமாம்மா? அதுக்கேத்த மாதிரி ஊருக்கு டிக்கெட் போடணும்."

சிரிப்பு அடங்கும்வரை ஜெபக்கனி காத்திருந்தாள். "ஆனா ஒண்ணு. ஏழு லட்சம் வருஷமும் விடாம பொங்கல. பொங்கினது கொஞ்ச நாள்தான். மிச்சம் எல்லாம் சும்மா கிடந்திருக்கு. இந்தச் சிவப்பெல்லாம் அது சும்மா கிடந்த காலம். கல்லு மண்ணாகி, மண்ணுல காடு வந்திருக்கு, குட்டை வந்திருக்கு, குட்டையில தவளை இருந்திருக்கு. ஆயிரம் ஆயிரம் வருஷமா இருந்திருக்கு. பிறகு மறுபடி பொங்கியிருக்கு."

"மறுபடி பொங்கும்னு தவளைக்குத் தெரியுமா?" என்று ரஞ்சி கேட்டாள்.

"தெரிஞ்சிருக்காது மக்களே."

"அப்ப நல்லாத்தான் இருந்திருக்கும்."

பச்சையம்மாவுக்கு இதெல்லாம் காதில் விழுந்தது, மனதில் விழவில்லை. அன்று காலையில்தான் பின்சுவரில் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. இன்னும் ஒரு சாண் நகர்ந்தால் சுவர் சாயும், சுவர் சாய்ந்தால் கூரை இறங்கும். அவள் எழுந்து நின்றாள். கூட்டத்தில் எழுந்து நின்று அவளுக்குப் பழக்கமில்லை.

"எல்லாருக்கும் சுகமா இருக்குது, நான் இல்லேங்கல. எனக்கு வீடு போகுது. அதையும் யாராவது சொல்லணுமில்ல, நானே சொல்லிட்டேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

அப்போதுதான் காவேரி தொடையில் தட்டிக்கொண்டாள். "அட, நாம அரிசியே போடலியே."

யாருக்கும் புரியவில்லை. அவள் சொல்லச் சொல்லப் புரிந்தது. பானை பொங்கினால் குலவை போடுவோம், கூவுவோம், அதோடு விடுவோமா? பொங்கிய பானையில் வீட்டில் ஆளுக்கொரு கை அரிசி போடுவோம். அரிசி விழுந்தால்தான் பானை அடங்கும். மலை பொங்கியது, மஞ்சள் கட்டினோம், கூவினோம், தோசை சுட்டோம், அரிசி போடவில்லை. பத்து மாதமாக அது வெறும் தண்ணீராகக் கொதித்துக்கொண்டிருக்கிறது, பாவம்.

மேஸ்திரி ஜெபக்கனியைப் பார்த்தார். "போட்டா அடங்குமாம்மா?"

"முன்னாடி நின்னிருக்குன்னு சொல்லத் தெரியும். எதனால நின்னுதுன்னு என் படிகத்துல இல்ல. அரிசி போட்டுப் பாத்தவங்க யாரும் அப்ப இல்லியே" என்றாள் அவள்.

கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. அரிசி போட்டால் வெந்நீர் போகும், சோறு போகும், சனிக்கிழமை எள்ளுருண்டையும் போகும், மறுபடி விறகுக்கு நடக்க வேண்டும் என்றது ஒரு பாதி. ஒரு வீட்டை விழவிட்டு அந்தச் சூட்டில் சோறாக்கித் தின்றால் செரிக்குமா என்றது மறு பாதி. கடைசியில் மேஸ்திரி, வீடு யாருடையதோ அவள் சொல்லட்டும் என்றார். எல்லோரும் பச்சையம்மாவைப் பார்த்தார்கள்.

போடுங்கள் என்று சொல்லத்தான் அவள் வாயைத் திறந்தாள். எதிரே ரஞ்சி வாயை மூடிக்கொண்டு மூக்கால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள், சத்தமே இல்லாமல், மற்றப் பிள்ளைகள் விடுவது போலவே. பச்சையம்மா வாயை மூடிக்கொண்டாள். வீடு வேண்டும் என்றால் ரஞ்சியின் மூச்சைக் காத்த அந்தச் சூடு போகும். சூடு வேண்டும் என்றால் வீடு போகும். இதில் எதைச் சொல்லி அவள் நாளைக்குத் தூங்குவாள்?

மாதையன் வழக்கமாகக் கூட்டத்தில் பேசாதவன். அன்று பேசினான். "எங்க வீட்டுல மொதல் கை அரிசி சின்னவங்கதான் போடுவாங்க. ரஞ்சி போடட்டும். போடறதும் போடாததும் அதோட இஷ்டம். மூச்சு அதோடது."

மறுநாள் காலை வெயில் ஏறிய பிறகு லைன் மொத்தமும் மலையேறியது. ரஞ்சி வலது கையில் ஒரு பிடி பச்சரிசியை இறுக்கிக்கொண்டு முன்னால் போனாள், பச்சையம்மா அவள் பின்னால் போனாள். மடிச் சூட்டைக் கடந்தார்கள், குளியல் சூட்டைக் கடந்தார்கள். சோற்றுச் சூட்டில் காவேரியின் குக்கர் விசில் அடித்தது, அவள் நின்று அதை இறக்கிவைத்துவிட்டு மறுபடி கூட்டத்தோடு சேர்ந்துகொண்டாள்.

"அம்மா, எல்லா அரிசியும் போட்டா?"

"பொங்கல் அடங்கிடும்."

"சூடு?"

"கம்மியா தண்ணி இருக்கற பானையில கை கையா அரிசிய கொட்டினா என்னாவும்? பானையே குளுந்து போயிடும்."

"போடலேன்னா?"

"வீடு போயிடும்."

"உனக்கு எது வேணும்?"

பச்சையம்மா நான்கு எட்டு வைத்தாள். "எனக்கு ரெண்டும் வேணும். அதான் என்னைய கேக்கல" என்றாள்.

உச்சியில் மலையின் வாய் ஒரு பெரிய பானையின் வாய் அளவுக்கு வட்டமாக இருந்தது. மேஸ்திரி கட்டிய மஞ்சள் கொத்து காய்ந்து பாறையில் ஒட்டிக்கொண்டிருந்தது. உள்ளே கறுப்பாக, மெதுவாக, குமிழி விட்டுக்கொண்டு கொதித்தது. தோசைச் சூடு முகத்தில் அடித்ததால் பெரியவர்கள் கொஞ்சம் தள்ளி நின்றார்கள். ஜெபக்கனி ரஞ்சியோடு விளிம்புவரை போய் அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, போன தடவை அது நின்னுது, மறுபடி பொங்கிச்சு, மறுபடி நின்னுது. அப்படித்தானே?"

"அப்படித்தான் மக்களே. பல தடவை."

"ஒரேயடியா நிக்கலல்ல?"

"ஏழு லட்சம் வருஷத்துக்கு ஒரேயடியா நிக்கல."

கீழே நாற்பது தகரக் கூரைகள் வெயிலில் மின்னின. நீலச் சன்னல் வைத்த வீட்டின் கூரை எல்லாவற்றுக்கும் முன்னால், மலையை இடித்துக்கொண்டு நின்றது. யாரும் குலவை போடவில்லை, யாரும் கூவவில்லை. பச்சையம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள்.

ரஞ்சி கையை விரித்து, நாலைந்து அரிசியை மட்டும் உள்ளே போட்டாள். மீதியை, மறுபடி பொங்கினால் போட்டுக்கொள்ளலாம் என்று, பாவாடை முனையில் முடிந்துகொண்டாள்.